கெட்டிப்பவரிடம் பேசாதே

அக்கா சுட்ட ஏழாவது குண்டும் அட்டையைத் தொடவில்லை. அட்டைக்குப் பின்னால் குவித்திருந்த மண்மேட்டில் எங்கேயோ புகுந்து, ஒரு பிடி புழுதியைக் கிளப்பியதோடு சரி. வெள்ளைப் புகை கலைகிற வரை துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பட்டுச்சா?" என்றாள். இருபது வருஷம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவளுக்கு ஊசிக் காது தெரியும், ஐம்பது தப்படி தூரத்தில் இருக்கிற அட்டை தெரியாது. அவளுடைய கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுத்தவன் நான்தான், அதுதான் என் தொழில். "இல்லக்கா" என்றேன். "சரி" என்று மேசைக்குப் போய் எட்டாவதற்கு வெடிமருந்தை அளக்க ஆரம்பித்தாள். அவள் முகத்தில் சலிப்பு இல்லை.

பாதியில் கைவிட்ட கல்குவாரி அது. மூன்று பக்கமும் வெட்டிய பாறை, ஒரு பக்கம் வண்டி இறங்கும் சரிவு, நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் துப்பாக்கிச் சங்கத்து ஆட்கள் பன்னிரண்டு பேர் அங்கே கூடுவோம். எல்லாம் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய மாதிரித் துப்பாக்கிகள். தோட்டாவைச் சொருகினோமா சுட்டோமா என்கிற பேச்சே கிடையாது. ஒவ்வொரு குண்டுக்கும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அளந்த மருந்தைக் குழாய் வாயில் கொட்டி, எண்ணெய் தடவிய வட்டத் துணியை வாயின்மேல் விரித்து, அதன்மேல் ஈயக்குண்டை வைக்க வேண்டும். முதலில் கைக்கு அடக்கமான ஒரு கட்டையால் தட்டி அதை அரைச்சாண் உள்ளே இறக்குவோம். அப்புறம் நீளக் கோலை எடுத்து, குண்டு அடியில் இருக்கிற மருந்தின் மேல் போய் உட்காரும்வரை தள்ளுவோம். சங்கத்தில் அந்தக் கட்டைக்குக் குட்டையன் என்று பெயர், கோலுக்கு நெட்டையன். மேசையில் அவை நிற்பதற்கு இரண்டு துளைகள் உண்டு. கடைசியில், விசையை அழுத்தினால் வந்து அடிக்கிற குதிரைக்கு அடியில், தீப்பொறி கொடுக்கிற கேப்பு ஒன்றைப் பொருத்தினால் துப்பாக்கி தயார்.

இதில் ஒரே ஒரு விஷயம் உயிர் போகிற விஷயம். குட்டையனோடு நிறுத்திவிட்டால் குண்டு வாய்ப்பக்கமே தங்கிவிடும், மருந்து அடியில் கிடக்கும், நடுவில் வெறும் காற்று. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அப்படியே சுட்டால் குழாய் வெடிக்கும். அதனால்தான் கொட்டகைத் தூணில் சிவப்புப் பெயின்ட்டில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள்: கெட்டிப்பவரிடம் பேசாதே. எழுதினவர் பல் டாக்டர், எங்கள் செயலாளர். "என் நாற்காலில வாயத் திறந்துட்டு இருக்கறவன்கிட்ட நான் கேள்வி கேக்கலாம், தப்பில்ல. இங்க கூடாது" என்பார்.

நான் பேசினேன்.

அக்கா இங்கே வருவதற்கு ஐந்து மாதத்துக்கு முன்னால், வருஷாந்திரப் போட்டி அன்று. கடைசிக் குண்டுக்கு முன்னால் அத்தான் என்னைவிட இரண்டு புள்ளி முன்னால் இருந்தார். அதற்கு முந்தின நான்கு வருஷமும் அவர் முதல், நான் இரண்டாவது. போன வருஷம் கடைசிக் குண்டு தவறியும் அவர்தான் முதல். அக்காவைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு இந்தச் சங்கத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வந்ததே நான்தான். மருந்து அளக்கக் கற்றுக்கொடுத்தது நான். வந்த ஒரே வருஷத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டார். மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறுகிற வேலை, கை அசைகிற ஜாதி இல்லை. அன்று அவர் குட்டையனைத் தட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையிலிருந்து நான் சொன்னேன்: "அத்தான், போன வாட்டி மாதிரி கடைசி குண்டுல கோட்டை விட்டுடாதீங்க." எதற்குச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். அவர் கை நடுங்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு விரற்கடை அந்தப் பக்கம் போனால் போதும். அவர் சிரித்துக்கொண்டே திரும்பினார். ஏதோ பதில் சொன்னார். பிறகு கேப்பைப் பொருத்தினார், துப்பாக்கியைத் தூக்கினார்.

குழாயின் முனை வாழைப்பழத் தோல் உரிந்த மாதிரி பிளந்திருந்தது. விரல் நீளத்துக்கு ஒரு இரும்புத் துண்டு அவர் கழுத்தில் ஏறியிருந்தது. வண்டி சரிவில் ஏறி ரோட்டைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என் மடியில்தான் தலையை வைத்திருந்தார். அன்று நான் போட்டிருந்த சட்டையை எரித்துவிட்டேன்.

விசாரணைக்கு வந்த அதிகாரி ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். "கெட்டிக்கும்போது அவர்கிட்ட யாராவது பேசினீங்களா?" எல்லோரும் அவரவர் மேசையில் அவரவர் துப்பாக்கியோடு இருந்தவர்கள். இல்லை என்றார்கள், அது உண்மை. நானும் இல்லை என்றேன். விபத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்னால்தான் அந்தக் குழாயின் முனையில், குறி பார்க்கும் முள்ளை எங்கள் சங்கத்தில் இருந்த லேத்துக்காரர் பற்றவைத்துக் கொடுத்திருந்தார். வெடித்ததும் அதே இடம். சூடு பட்டு இரும்பு பலவீனமாகிவிட்டது என்று அறிக்கை எழுதிவிட்டார்கள். லேத்துக்காரர் துப்பாக்கி வேலை செய்வதற்கு இருந்த அனுமதியைப் பிடுங்கினார்கள். சங்கத்திலிருந்தும் அவராகவே நின்றுகொண்டார். இப்போது கேட்டுக்குக் கீல் போட்டுக் கொடுக்கிறார். ரோட்டில் என்னைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். என் வீட்டு மனிதரைக் கொன்றுவிட்டதாக நினைக்கிறார். நான் தலையை ஆட்டிவிட்டுப் போவேன். இப்படி ஒரு மனிதன் இருக்க முடியுமா என்று கேட்டால், இருக்க முடியும். மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று போகாமல் இல்லை. ஒரு தடவை வாசல்வரை போய்விட்டேன். கதவைத் திறந்ததும், "நல்லவேளை வந்தே, கூடத்து பல்பு போயிடுச்சு" என்றாள். பல்பை மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஐந்தாவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே குவாரிக்கு வந்து நின்றாள். அத்தானின் இன்னொரு துப்பாக்கியைத் தன் பெயருக்கு மாற்றி வாங்கியிருந்தாள். எந்த அலுவலகத்துக்கு எத்தனை நடை நடந்தாளோ, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பல் டாக்டர் தன் துப்பாக்கியை வைத்துவிட்டு அவளிடம் வந்தார். "ஏம்மா இதெல்லாம்? மனசு கஷ்டமா இருக்காதா?" என்றார். "ஆறு வருஷமா அவருக்கு வட்டத் துணி வெட்டிக் குடுத்திருக்கேன் டாக்டர். ஆயிரக்கணக்குல வெட்டியிருப்பேன். அது எங்க போவுது, என்ன செய்யுதுன்னு ஒரு நாள் வந்து பாத்ததில்ல" என்றாள்.

அப்புறம் ஆரம்பித்தது ஆளாளுக்கு யோசனை. எங்கள் சங்கத்தில் அட்டையில் படும் குண்டுகளைவிட யோசனைகள் அதிகம். பல் டாக்டர், "மூச்ச பாதி விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க" என்றார். பஸ் டிரைவர், "அதெல்லாம் வேணாம்க்கா, மூச்சு பாட்டுக்கு மூச்சு. விசைய இழுக்காதீங்க, பிரேக்க மிதிக்கிற மாதிரி மெதுவா அழுத்துங்க, எப்ப வெடிக்கும்னு உங்களுக்கே தெரியக் கூடாது" என்றார். டாக்டர் மருந்தைக் குறைக்கச் சொன்னார், டிரைவர் கூட்டச் சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து ஒத்துக்கொண்டது ஒன்றுதான், துணி மெல்லிசு என்பது. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கையில் தையல்கடை நோட்டு ஒன்று. இடுப்பளவு, தோளளவு எழுதுகிற அதே கட்டத்தில் மருந்தளவு, துணியின் கனம், குண்டு எந்தப் பக்கம் போனது என்று எழுதினாள். ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவாள். துணியை மாற்றினால் மருந்தை மாற்ற மாட்டாள். பன்னிரண்டு ஆம்பளைகளில் ஒருத்தனுக்கும் இத்தனை வருஷத்தில் இந்தப் புத்தி வந்ததில்லை.

என்னிடம் மட்டும் அவள் யோசனை கேட்கவில்லை. "பட்டுச்சா?" என்று கேட்பாள், அதோடு சரி.

நான்காவது வாரம் அட்டையின் ஓரத்தைக் கிழித்தாள். ஏழாவது வாரம் பத்துக்கு ஆறு அட்டைக்குள். டிரைவர் கை தட்டினார். நானும் தட்டினேன். அவள் குறி பழகுவது எனக்குப் பயமில்லை. கெட்டிக்கப் பழகியதுதான் பயம். மருந்து, துணி, குண்டு, குட்டையன், நெட்டையன், கேப்பு. ஆரம்பத்தில் ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துச் செய்தாள். பிறகு கை தானாகப் போக ஆரம்பித்தது. குட்டையனைத் துளையில் வைக்கிற வேகத்திலேயே நெட்டையனைப் பிடுங்கியது. தையல்காரி. கைக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டால் அது எப்போது தவறும், எப்போது தவறாது என்று அவளுக்குத் தெரியும். சும்மா விட்ட கை தப்புத் தையல் போடாது. யாராவது கூப்பிட்டால்தான் போடும்.

ஒன்பதாவது வாரம் அவள் கொண்டுவந்த நெட்டையன் புதிது. பித்தளைக் கோலில் வட்டமாக ஒரு வெட்டு, அதில் சிவப்பு வர்ணம். "குண்டு அடில போய் உக்காந்தா இந்தச் சிவப்பு சரியா குழாய் வாயோட நிக்கும். உக்காரலன்னா மேல நிக்கும். பாத்தவுடனே தெரிஞ்சிடும்" என்று டிரைவருக்குக் காட்டினாள். "பிரமாதம்க்கா, யார் செஞ்சது?" "லேத்துக்காரர்" என்றாள். டிரைவர் கோலைத் திருப்பி அவளிடம் நீட்டினார். "துப்பாக்கியத் தொட அவருக்குத்தான் அனுமதி இல்ல. கோலுக்கு என்ன வந்துச்சு" என்றாள். அவள் அவரைப் போய்ப் பார்த்திருக்கிறாள். என்ன பேசினாளோ. அன்று நான் சுட்ட பத்தில் மூன்றுதான் அட்டையில் பட்டது. "என்ன லென்ஸ், உன் கண்ணாடிய மாத்தணும் போலிருக்கே" என்றார் பல் டாக்டர். சங்கத்தில் எனக்கு லென்ஸ் என்றுதான் பெயர்.

அடுத்த ஞாயிறு மேகம் போட்டிருந்தது. பத்து மணிக்கு எல்லோரும் ரோட்டோரக் கடைக்கு டீ குடிக்கக் கிளம்பினார்கள். சரிவில் ஏறி எட்டிப் பார்த்த டிரைவர் திரும்பிவந்து, "லேத்துக்காரர் வந்து கடையில உக்காந்திருக்காரு" என்றார். "நான்தான் வரச் சொன்னேன். டீ குடிச்சிட்டு அவரையும் கூட்டிட்டு வாங்க. நாங்க ரெண்டு பேரும் இங்க இருக்கோம்" என்றாள் அக்கா. டாக்டர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு சரிவில் ஏறினார்.

அவர்கள் குரல் மறையும்வரை அக்கா மேசையைத் துடைத்தாள். பிறகு பையிலிருந்து ஒன்றை எடுத்துத் தன் மேசைத் துளையில் செருகினாள். குட்டையன்தான். அவளுடையது இல்லை. தலைப்பக்கம் கருப்பு ஒயர் டேப் சுற்றியிருந்தது. அத்தான் கையாலே சுற்றியது.

"இது எங்க இருந்துச்சு தெரியுமா?" என்றாள்.

நான் அந்த டேப்பைப் பார்த்தேன்.

"அவர் சட்டப் பாக்கெட்ல. ஆஸ்பத்திரில துணியெல்லாம் ஒரு பையில போட்டு குடுத்தாங்கல்ல, அதுல. அப்ப எனக்கு இது ஒரு கட்டை. அவ்வளவுதான். இப்ப பத்து வாரமா கெட்டிக்கிறேன். நானும் பாத்துட்டேன், இவங்க எல்லாரையும் பாத்துட்டேன். யாரும் இத பாக்கெட்ல போடறதில்ல. துளையில வெச்சாத்தான் கை அடுத்து நெட்டையன எடுக்கும். பாக்கெட்ல போட்டா கை வேற எங்கயோ போயிருக்குன்னு அர்த்தம்." டேப்பின் நுனியை விரலால் அழுத்தினாள். "பக்கத்து மேசை உன்னோடது."

"அக்கா..."

"பேசாத. நான் கெட்டிக்கப் போறேன். நான் சொல்றப்ப பேசு."

மருந்தை அளந்தாள். கொட்டினாள். துணியை விரித்தாள், குண்டை வைத்தாள். டேப் சுற்றிய குட்டையனை எடுத்து அதன் தலையில் உள்ளங்கையால் தட்டினாள். குண்டு உள்ளே இறங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"இப்ப பேசு. அன்னிக்கு என்ன பேசுனியோ அத."

எட்டு மாதமாக ஒவ்வொரு நாளும் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வரி, வாயில் வந்தபோது எவ்வளவு அற்பமாக இருந்தது. "அத்தான், போன வாட்டி மாதிரி... கடைசி குண்டுல கோட்டை விட்டுடாதீங்க."

அவள் அசையவில்லை. "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா."

"அதுக்கு அவரு, 'உங்க அக்காவையே சமாளிக்கிறேன், இத சமாளிக்க மாட்டனா'ன்னு சொன்னாரா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு எழுத்துகூடப் பிசகாமல் அவர் சொன்னது அதுதான். நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் அழவில்லை. எத்தனை பேர் முன்னால் எத்தனை தடவை அவர் அந்த ஒரே ஜோக்கைச் சொல்லியிருப்பார், அவள் எத்தனை தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள். "சிரிச்சிருப்பாரு" என்றாள். "அவரு சொன்ன ஜோக்குக்கு அவரே சிரிப்பாரு."

சொல்லிக்கொண்டே குட்டையனைத் தன் மேல்சட்டைப் பாக்கெட்டில் போட்டாள். அவள் விரல் கேப்பு டப்பாவைத் திறந்தது. ஒரு கேப்பை எடுத்துக் குதிரைக்கு அடியில் பொருத்தினாள். துப்பாக்கியைத் தூக்கித் தோளில் வைத்தாள். கன்னத்தைக் கட்டையில் சாய்த்தாள். பல் டாக்டர் சொன்னபடி பாதி மூச்சை விட்டு நிறுத்தினாள். குதிரையைப் பின்னால் இழுக்கிற சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது.

நான் மேசையைப் பார்த்தேன். நெட்டையன் அதன் துளையில் நின்றுகொண்டிருந்தது. வெளியே வரவே இல்லை.

அன்றும் அப்படித்தான் நின்றது. நான் பார்த்தேன். அத்தான் துப்பாக்கியைத் தூக்கியபோது என் கண் அவர் மேசையில் இருந்தது, நெட்டையன் துளையை விட்டு வராதது எனக்குத் தெரிந்தது. கவனிக்கவில்லை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கவனித்தேன். மறுபடியும் பேசினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், வேண்டுமென்றே தொந்தரவு செய்கிறான் என்பார்கள், தூணில் எழுதியிருக்கிறதே என்று நினைத்தேனா? இல்லை, அந்த இரண்டு புள்ளியை நினைத்தேனா? அது எனக்கே தெரியவில்லை. நேரம் இருந்தது என்பது மட்டும் தெரியும்.

"அக்கா, நெட்டையன்!" என்று கத்தினேன்.

அவள் விரல் நின்றது. குதிரையை மெதுவாக இறக்கினாள். கேப்பைக் கழற்றி டப்பாவில் போட்டாள். துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தரையில் ஊன்றி, குழாயை வானத்தைப் பார்க்க நிறுத்தினாள். எல்லாவற்றையும் சங்கத்துப் பாடப்படி, ஒன்றைக்கூட விடாமல் செய்தாள்.

"ரெண்டு வார்த்த" என்றாள். "இத சொல்ல எவ்வளவு நேரம் ஆச்சு உனக்கு?"

துளையில் நின்ற நெட்டையனைக் காட்டினாள்.

"அன்னிக்கும் பாத்தியா?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டவில்லை.

அவள் நெட்டையனைத் துளையிலிருந்து எடுத்துக் குழாய் வாயில் விட்டாள். அரைச்சாண் போய், குண்டில் முட்டி, டக்கென்று நின்றது. மீதிக் கோல் முழுதும் வெளியே நின்றது. லேத்துக்காரர் போட்ட சிவப்பு வெட்டு குழாய் வாய்க்கு இரண்டடிக்கு மேலே, சரியாக என் கண் உயரத்தில்.

"புடி" என்றாள்.

துப்பாக்கியை வாங்கிக்கொண்டேன். அத்தானின் துப்பாக்கி, காலையில் சுட்ட சூடு இன்னும் ஆறாமல் இருந்தது. சரிவின் மேலே பேச்சுச் சத்தம் கேட்டது. டிரைவர் எதற்கோ சிரித்தார். டாக்டரின் தலை தெரிந்தது, அவருக்குப் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, குனிந்த தலையோடு லேத்துக்காரர். என் கை என்னையறியாமல் கோலுக்குப் போனது.

"எடுக்காத" என்றாள் அக்கா. "அவங்க வரட்டும். நீயே சொல்லு."

கையை இறக்கினேன். சைக்கிள் சக்கரம் ஜல்லியில் நறநறவென்று இறங்கி வந்துகொண்டிருந்தது. காற்றில் கோல் லேசாக ஆடியது, அதோடு சிவப்பு வெட்டும்.